சுருட்டு வாங்கிய துரைச்சாமி

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் நிற்கும் வேலுத்தம்பி தளவாயின் சிலையைப் பார்க்காமல் அந்தச் சாலையைக் கடக்க முடியாது. திருவிதாங்கூரின் தளவாயான அவர் ஆங்கிலேயக் கும்பினிக்கு எதிராக மூட்டிய போரிலிருந்து ஒரு தெய்வமும் பிறந்தது. அதுவும் வெள்ளைக்காரத் தெய்வம்!

1809 ஜனவரியில், கும்பினியை எதிர்க்க மக்களை அழைத்த குண்டறை விளம்பரம். பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெஜரின் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. தளவாய் மண்ணடியில் உயிரை விட்டார். உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். ஜெயித்த பக்கத்திலும் சாவு இருந்தது. கோட்டையைப் பிடிக்கையில் படுகாயம்பட்டு இறந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரைச் சுமார் 25 மைல் தள்ளி ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள்.

வெட்டுப்பட்டுச் சாகிறவனுக்கு ஆயுசு மிச்சமிருக்கும், ஆசை மிச்சமிருக்கும். அவன் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டான் என்பது தென்பாண்டியிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய நம்பிக்கை. துரையோ ஊர் பேர் தெரியாத மண்ணில், திதி கொடுக்க ஆளில்லாமல் கிடந்தார். சில பத்தாண்டுகள் கழித்து அக்கம்பக்கத்து நாடார் மக்கள் அவரைக் கும்பிடத் தொடங்கினார்கள். அவர்மேல் பாட்டு கட்டினார்கள். படையல் என்ன? மதுவும் சுருட்டும். வாழும்போது அவருக்கு எது பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறார்கள், பாவம்.

இதை எழுதிவைத்தவர் இடையன்குடி மிஷனரி கால்டுவெல். 1849இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் இந்தச் செய்தி இருக்கிறது. நாடார்களைத் தாழ்த்தி எழுதியதற்காகப் பின்னாளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அதே நூல்தான். ஆனாலும் கால்டுவெலின் கண் கூர்மையானது. இங்குள்ள பேய்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மனிதர்கள் என்பதை அவர் கண்டுகொண்டார்.

பைபிளில் அப்படியில்லை. அங்கே சாத்தான் எந்நாளும் மனிதனாக இருந்ததில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பமாக வானத்திலிருந்து தள்ளப்படுகிறவன், கடவுளின் எதிரி. புறஜாதியார் இடும் பலி பேய்களுக்கே போகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மிஷனரிகள் அந்த வசனத்தோடுதான் நாட்டார் தெய்வமான சுடலைமாடனின் பீடத்தைப் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் ஊழியம் செய்த சாமுவேல் மேட்டீரும் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலில் பேய் வழிபாட்டை விரிவாகவே பேசினார்.

சுடலையைச் சாத்தானின் கணக்கில் எழுதுவது சுலபம். இந்தத் துரையை எந்தக் கணக்கில் எழுதுவது? மிஷனரிகளில் பலருக்குச் சொந்த நாட்டுக்காரர், கும்பினியின் சம்பளம் வாங்கியவர். அதே 1809இல், அந்தக் கோட்டைக்குச் சில மைல் தூரத்தில் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் கட்டினார். அதற்கு அனுமதி கிடைக்க உதவியவர் தளவாய் விரட்டத் துடித்த கும்பினி ரெசிடென்ட் மெக்காலே.

எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊர்க்காரர்களின் கணக்கில் பேய்க்குக் கட்சியே கிடையாது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு பட்டத்துக்கு மோதிக் கொலையுண்ட வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் வில்லுப்பாட்டில் வாழ்வதும் இதே நியாயத்தில்தான். தோற்றவரா ஜெயித்தவரா, சைவரா கிறிஸ்தவரா என்று யாரும் விசாரிக்கவில்லை. எப்படிச் செத்தார் என்று மட்டும் கேட்டார்கள். துரையிடம் அவர்கள் மோட்சத்தையும் எதிர்பார்க்கவில்லை, பாவமன்னிப்பையும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகுட்டிக்குக் காய்ச்சல் கொண்டுவராமல் இருந்தால் சரி. அதற்கு ஒரு சுருட்டு பெரிய செலவில்லையே.