ஸ்காபரோ: நித்திரை கொள்ளக் கட்டின ஊர்

ஸ்காபரோ என்றால் எங்கட சனத்துக்கு கொத்துரொட்டிக் கடை, புடவைக் கடை, கோயில், கல்யாண மண்டபம். ஊரில இருக்கேக்க எனக்கு அது ஏதோ தமிழ்ப் பேர் மாதிரித்தான் காதில விழும் :-) இங்க மாஸ்டர்ஸ் படிக்க வந்த பிறகுதான் இந்த இடத்தின்ர சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். அது வேற கதையாக இருக்கு.

முதல்ல பேர். இங்கிலாந்தில யோர்க்சயர் கடற்கரையில ஒரு ஸ்காபரோ இருக்கிறது. 1793இல் மேல் கனடாவின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், ஒன்ராறியோ ஏரிக்கரையில செங்குத்தாக நிற்கிற மண்மேடுகளைப் பார்த்ததும் அந்த ஊர் ஞாபகம் வந்து இந்தப் பேரை வைத்தார். அதுக்கு முதல் கொஞ்சக் காலம் கிளாஸ்கோ என்று பேராம். அதுவும் இரவல்தான்.

பேர் வைக்க முதல் இங்க ஆக்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். 1956இல் டேபர் ஹில் என்கிற மேட்டை இயந்திரத்தால வெட்டேக்க மனித எலும்புகள் வெளியில வந்தன. ஏறக்குறைய 500 பேரை ஒன்றாக அடக்கம் செய்திருந்த, பல நூற்றாண்டு பழைய பூர்வகுடிகளின் புதைகுழி. நல்ல காலம், அதை அப்படியே விட்டார்கள். இன்றைக்கும் வீடுகளுக்கு நடுவில அந்த மேடு இருக்கிறது.

ஏன் அப்படி வெட்டினார்கள்? வீடு கட்டத்தான். இரண்டாம் உலகப்போர் முடிய ரொறொன்ரோ நகரத்துக்குள்ள இடம் போதவில்லை. 1951இல் 56 ஆயிரம் பேர் அளவில இருந்த ஸ்காபரோவில 1961இல் 2 லட்சத்துக்கு மேல. 1954இல் மெட்ரோ ரொறொன்ரோ நிர்வாகம் வந்து தண்ணிக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட வழி பண்ணினது இதுக்கு ஒரு பெரிய காரணம். எக்ளின்ரன் வீதியில தொழிற்சாலைகளும் வந்தன, இல்லை என்று சொல்லேலாது. ஆனால் வீட்டுப் பகுதிகளின் கணக்கு இதுதான்: ஆம்பிளை காரில வேலைக்குப் போவார், பின்னேரம் வருவார், நித்திரை கொள்ளுவார்.

இதைக் கண்ணால பார்க்கவேணும் என்றால் கில்ட்வூட் போங்கோ. போன சனிக்கிழமை யூனியன் ஸ்டேஷனில கோ ரயில் ஏறினேன். 1967 மே 23ஆம் திகதி கோ சேவை தொடங்கினதும் இந்த ஏரிக்கரைப் பாதையிலதான். இறங்கி நடந்தால் வளைஞ்சு வளைஞ்சு போற தெருக்கள், பெரிய மரங்கள், நிலத்துக்குக் கீழால போற மின்கம்பிகள். 1950களின் கடைசியில திட்டம் போட்டுக் கட்டின குடியிருப்பு. அரை மணித்தியாலம் நடந்தும் எதிர்ப்பட்டது நாயோட வந்த ரெண்டு பேர்தான்.

ஏரிப்பக்கம் கில்ட் பூங்கா. ரோசா கிளார்க், ஸ்பென்சர் கிளார்க் தம்பதி 1932இல் கலைஞர்களுக்காகத் தொடங்கின இடம். டவுன்ரவுனில பழைய கட்டடங்களை இடிக்கேக்க அதுகளின் தூண், வளைவு, சிற்பம் எல்லாத்தையும் அவர்கள் இங்க கொண்டுவந்து சேர்த்தார்கள். 1966இல் இடிச்ச பாங்க் ஒஃப் ரொறொன்ரோ கட்டடத்தின் தூண்கள் இப்ப புல்வெளியில ஒரு கிரேக்க அரங்காக நிற்கின்றன. அந்த வங்கிக்கு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனவர்களின் வீடுகளைத் தேடி வங்கியே வந்திட்டுது என்று நினைச்சுச் சிரிச்சேன்.

இனி எங்கட கதை. 1983 யூலைக்குப் பிறகு வந்த சனம், 90களில மளமளவென்று ஸ்காபரோவுக்கு வந்தது. வந்தது கில்ட்வூட் மாதிரித் தெருக்களுக்கு இல்லை, பெரிய வீதிக் கரைகளில நின்ற அடுக்குமாடிகளுக்கு. கார் இருக்கிறவனுக்கு என்று போட்ட வீதிகளில கார் இல்லாத சனம் வந்து இறங்கினது. அந்தக் காலத்தில வந்த ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ. இரவு வேலை முடிஞ்சு பனிக்குள்ள பஸ்ஸுக்கு நின்றதைத்தான் முதல்ல சொல்லுவினம்.

அந்தச் சனத்துக்கு இருந்த ஒரு ரயில், 1985இல் ஓடத் தொடங்கின ஸ்காபரோ ஆர்டி. முதல்ல திட்டமிட்டது சாதாரண ட்ராம் மாதிரி ஒன்று. மாகாண அரசு தன்ர புதுத் தொழில்நுட்பத்தைக் காட்ட வேண்டி அதை மாற்றினது. அதே தொழில்நுட்பத்தை எடுத்த வன்கூவர் தன்ர பாதையை நீட்டிக்கொண்டே போனது. இங்க 6.4 கிலோமீற்றரோட நின்றது, பனி கொட்டினால் அதுவும் நிற்கும். 2023 யூலை 24ஆம் திகதி கடைசிப் பெட்டி தடம் புரண்டு ஐந்து பேருக்குக் காயம். அந்த நவம்பரில மூடுவதாக இருந்த ரயில் பிறகு ஓடவே இல்லை. பதிலுக்கு பஸ் விட்டார்கள். 7.8 கிலோமீற்றரில மூன்று ஸ்டேஷன்களோட ஒரு சுரங்க ரயிலுக்கு 2021இலிருந்து வேலை நடக்கிறது. அதுவரைக்கும் பழையபடி பஸ் தரிப்பிடம்தான்.

நித்திரை கொள்ள மட்டும் என்று கட்டின இடத்தில எங்கட சனம் கடை வைத்தது, கோயில் கட்டினது, 2021இல் ஸ்காபரோ வளாகத்தில தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலரும் சேர்த்து முடிச்சது. இதுகளை நாங்கள் பெருமையாக எழுதுறோம், எழுதவும் வேணும். ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று பார்த்தால், அதில ஒரு பங்கு விடியக்காலை பஸ்ஸில போய் உழைச்ச காசு. எலிசபெத் சிம்கோ என்ன பார்த்தார் என்று அவரின்ர நாட்குறிப்பில இருக்கு. முதல் பனிக்காலத்தில எங்கட அம்மாமார் எந்தச் சந்தியில நின்றவை, எந்த பஸ் எடுத்தவை என்றது எங்க இருக்கு?

உங்கட வீட்டில கேட்டு எழுதி வையுங்கோ. சந்தியின்ர பேர், பஸ் நம்பர், வருசம். அவ்வளவும் போதும்.