தமனியின் சாட்சியம்: கல்லீரல் முடிச்சு ஒன்றின் வகைப்பாட்டு வரலாறு

குவிய முடிச்சு மிகைவளர்ச்சி என்னும் கல்லீரல் முடிச்சு புற்று அன்று. புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் சி.டி. படத்தில் தமனிக் கட்டத்தில் கல்லீரல் புற்றைப் போலவே அது பளிச்சிடும். நடுவில் உள்ள நட்சத்திர வடு நார்த்தகட்டுப் புற்றையும் நினைவூட்டும். இந்த முடிச்சின் மூலம் தமனிக் கோளாறு என்று இன்று பாடநூல்கள் ஐயமின்றி எழுதுகின்றன. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கனடாவின் இயன் வான்லெஸ் மற்றும் இருவர் 1985இல் 'ஹெப்படாலஜி' இதழில் எழுதிய கட்டுரை. அக்கட்டுரையின் மையக் கருத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். 1989இல் வான்லெஸே அதை நீட்டிய விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெக், பெர்ரி இருவரும் 1953இல் இத்தகைய முடிச்சுகளை அடினோமா (புற்றல்லாத கட்டி) என்று அழைப்பது தகுமா என்று கேட்டனர். எட்மண்ட்சன் 1958இல் இன்றைய பெயரை நிலைநிறுத்தினார். நார்த்தகட்டுப் புற்றை 1956இல் முதலில் விவரித்தவரும் அவரே. ஒன்றையொன்று ஒத்த இரு நோய்களும் ஒரே கையால் இரண்டாண்டு இடைவெளியில் பதிவாயின. 1953க்கு முந்தைய முடிச்சுகளின் கணக்கு சிக்கலானது. அவை அடினோமா, கலப்பு அடினோமா, ஹமார்ட்டோமா என்ற பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. கண்ணாடிச் சில்லுகளை மறுபடி பார்க்காமல் பிரிக்க இயலாது என்பதால், 'முதல் விவரிப்பு' என்று எந்த ஆண்டையும் இங்கே முன்வைக்கவில்லை.

வான்லெஸின் 1985 வாதம் எளிது. முடிச்சின் நடுவே அளவுக்கு மீறிப் பருத்த தமனி ஒன்று நுழைந்து சிலந்திக் கால்கள்போல் கிளைக்கிறது. அதற்குத் துணையாக வரவேண்டிய போர்ட்டல் சிரை காணப்படவில்லை. எனவே பிறவியிலேயே அமைந்த தமனிக் கோளாறால் அவ்விடத்துக்கு இரத்தம் மிகுந்து பாய, அங்குள்ள கல்லீரல் செல்கள் பெருகின என்கிறார் அவர். இதில் கண்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பருத்த தமனி கண்டது. அது முடிச்சுக்கு முன்பே இருந்தது என்பது ஊகம். வளர்ந்துவிட்ட முடிச்சை அறுத்துப் பார்ப்பவருக்கு எது முந்தியது என்று திசு சொல்லாது. வளரும் கட்டியும் தனக்கான தமனியைப் பெருக்கிக்கொள்ளும்.

ஆயினும் ஊகம் வலுவற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. பரம்பரை நுண்குழல் விரிவு நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் நாளங்கள் ஏற்கெனவே கோளாறானவை. அவர்களிடம் இம்முடிச்சு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. பட்-சியாரி நோயிலும், போர்ட்டல் சிரை பிறவியிலேயே இல்லாதவர்களிடமும் இதையொத்த முடிச்சுகள் எழுகின்றன. அங்கெல்லாம் நாளக் கோளாறுதான் முந்தியது. அதே நாளக் கோளாறு உள்ள பலருக்கு முடிச்சே வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமனி தேவை, ஆனால் தமனி மட்டும் போதாது. இவ்வளவு தூரம் வான்லெஸுடன் செல்லலாம்.

1989இல் 'மாடர்ன் பெத்தாலஜி' இதழில் வந்த கட்டுரையில் வான்லெஸ் குழு ஓரடி கூடுதலாக வைத்தது. பல முடிச்சுகளோடு மூளைக் கட்டிகளும் பிற உறுப்புகளின் நாளக் கோளாறுகளும் சேர்ந்து வருவதைப் புதிய கூட்டுநோய் என்றது. விரிந்த நாளங்கள் மலிந்த முடிச்சுகளை 'டெலாஞ்சியெக்டேடிக்' வகை எனப் பெயரிட்டு அதே குடும்பத்தில் சேர்த்தது. தடுமாற்றம் தொடங்கியது இங்கேதான்.

அந்த வகையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். மைய வடு பெரும்பாலும் இல்லை. சிறு தமனிகள் வடுவின் வழியே செல்லாமல் நேரே சைனுசாய்டுகளில் திறக்கின்றன. சைனுசாய்டுகள் விரிந்து இரத்தம் தேங்கி நிற்கின்றன. ஆங்காங்கே அழற்சிச் செல்களும் பித்தநாள நுண்கிளைகளும் தெரியும். சிலவற்றில் இரத்தக்கசிவு இருக்கும். வடு, முடிச்சு அமைப்பு, பருத்த மையத்தமனி ஆகியவற்றில் எது மிஞ்சியது? 'நாளம் கோளாறாக இருக்கிறது' என்ற ஒன்றுதான். அதை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானிப்பது ஒரே நிறச் சட்டை அணிந்த இருவரை உடன்பிறந்தோர் என்பது போலத்தான்.

பாரிஸ் அருகே கிளிஷியில் உள்ள போஜோன் மருத்துவமனையின் வரலாறு இதில் சுவையானது. 1999இல் நுயெனும் சகாக்களும் 305 முடிச்சுகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மரபு வடிவத்துக்குள் அடங்காதவை என்று பிரித்தனர். டெலாஞ்சியெக்டேடிக் வகையே அவற்றில் மிகுதி. ஆனாலும் குடும்பத்தை விட்டு அதை வெளியேற்றவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 2004இல், அதே மருத்துவமனையின் பாரடி குழு அதை அடினோமாவின் ஒரு வகை என்று அறிவித்தது. டெகோ, பெல்கிதி இருவரின் பெயரும் இரண்டு கட்டுரைகளிலும் உண்டு. 2004இன் முடிவுக்கு ஓர் அடிப்படை கால்வழிச் சோதனை. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முடங்கிக் கிடக்கும். முடிச்சின் எல்லாச் செல்களிலும் முடங்கியது ஒன்றேயானால் அவை ஒரே மூதாதைச் செல்லின் வழிவந்தவை. இச்சோதனையில் டெலாஞ்சியெக்டேடிக் முடிச்சுகள் பெரும்பாலும் ஒற்றைக் கால்வழியைக் காட்டின. மரபணு வெளிப்பாடும் அடினோமாவை ஒத்திருந்தது. இன்று இவை அழற்சி அடினோமா என்னும் வகையில் அடங்கும்.

இச்சோதனையையும் கண்மூடி நம்ப வேண்டியதில்லை. மரபு வடிவ முடிச்சுகளையே 1996இல் ஒரு குழு ஒற்றைக் கால்வழி என்றது. 1997இல் பாரடி குழு பல கால்வழி என்றது. அந்த முரண்பாடு முழுதாகத் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கால்வழிச் சோதனையைவிட, குளுட்டமின் சின்தடேஸ் சாயம் தரும் வேறுபாட்டுக்கு மதிப்புத் தருகிறேன். மரபு வடிவ முடிச்சில் அது வரைபடத்தின் நிலப்பரப்புகள்போல் அகன்ற திட்டுகளாகப் பதியும். அழற்சி அடினோமாவில் அந்த அமைப்பு வராது.

அப்படியானால் 1989இன் கூட்டுநோயில் எஞ்சுவது எவ்வளவு? அதில் டெலாஞ்சியெக்டேடிக் எனக் குறிக்கப்பட்டவற்றில் சிலவேனும் இன்று அடினோமா என்றே பெயர் பெறும் என எண்ண இடமுண்டு. நடைமுறையிலும் இது சிறிய வேறுபாடன்று. மரபு வடிவ முடிச்சை அறிகுறி இல்லாவிடில் தொடாமல் விடலாம். அடினோமா இரத்தம் கசியலாம், அரிதாகப் புற்றாகலாம். பெண்களுக்கு 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ஆண்களுக்கு எந்த அளவாயினும், அகற்றும்படி 2016இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. 2004க்கு முன் 'டெலாஞ்சியெக்டேடிக் குவிய முடிச்சு மிகைவளர்ச்சி' என அறிக்கை பெற்று, முடிச்சை அகற்றாமல் இருப்பவர்களின் சில்லுகளைப் புதிய சாயங்களோடு மறுபடி பார்ப்பது தேவை.