பெற்றோல் குடிக்கும் கார்களுக்குச் சட்டம் வந்த கதை

"லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" வாகனம் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது இதைத்தான். 1973 வரை அமெரிக்கர்களில் பலர் இதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. பெற்றோல் மலிவு. கார் எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு.

1973 ஒக்டோபரில் ரமழான் யுத்தம் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிய அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சுமார் 3 டொலராக இருந்த பீப்பாய் சில மாதங்களிலேயே 12 டொலரை நெருங்கியது. எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசை. அந்தப் படங்களைப் பார்த்தால் நமக்கு 2022 தான் ஞாபகம் வரும். (கியூஆர் வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. டயரில் காற்றுக் குறைந்தால் பெற்றோல் கூடப் போகும் என்பதெல்லாம் நம்மில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.)

அங்கே முதலில் கைவைத்தது வேகத்தில். 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்ட சட்டம், நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீற்றர்தான் என்றது. காரணம் நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுதான்: வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் காரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. ஆனால் சாரதிகள் பலர் அந்தச் சட்டத்தைக் கணக்கெடுக்கவில்லை. 1995 இல் அது நீக்கப்பட்டது.

உண்மையில் வேலை செய்தது 1975 ஆம் ஆண்டுச் சட்டம் என்பதே நமது கருத்து. அது சாரதியை விட்டுவிட்டுக் கம்பனியைப் பிடித்தது. ஒரு கம்பனி விற்கும் கார்களின் சராசரி 1978 இல் கலனுக்கு 18 மைல், 1985 இல் 27.5 மைல் இருக்க வேண்டும். நம் கணக்கில் லீற்றருக்கு 7.7 கிலோமீற்றரிலிருந்து 11.7. தவறினால் தண்டப்பணம். கார்க் கம்பனிகள் இதை எதிர்த்தன. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 1977 மாடலில், ஜெனரல் மோட்டர்ஸ் தனது பெரிய செவ்ரோலே கார்களின் எடையை ஏறக்குறைய 300 கிலோ குறைத்திருந்தது. உள்ளே இடம் குறையவில்லை! அதுவரை அந்த 300 கிலோ இரும்பை மக்கள் சும்மா சுமந்து திரிந்திருக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. சிறிய லொறிகளுக்குத் தளர்வான அளவுகோல். விவசாயிக்கும் மேசனுக்கும் விட்ட சலுகை அது. கம்பனிகள் அந்த வழியாகப் பெரிய ஜீப் வகைகளை இறக்கின. 2000 ஆம் ஆண்டில் வந்த கிரைஸ்லர் பிடி குரூசரில் பின் ஆசனங்களைக் கழற்றித் தளத்தைத் தட்டையாக்கலாம். அது போதுமாக இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் அந்தக் குடும்பக் கார், சட்டத்தின் பதிவில் ஒரு லொறி.