எழுதுபவர் மாறினால் நாயகனும் மாறுவானா?

மாணவர்களே, ஸ்பைடரைத் தெரியுமா? அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லீங்க! 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் அறிமுகமான குற்றச் சக்கரவர்த்தி. டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். பிறகு கதைப்பொறுப்பு ஜெர்ரி சீகலிடம் போனது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் இவர். இவர் கையில் அந்தக் குற்றவாளியே குற்றங்களை ஒடுக்குபவனாகிவிட்டான். ஓவியர் மாறவில்லை, முகமும் கர்வமும் அப்படியே இருந்தன.

1984இல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸ் அவனைத் தமிழ் பேச வைத்தது.

பெஸ்தாரி ஜெயாவை நம்ம பெரியவங்க இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்பதுபோல, முதல் ஸ்பைடரே அசல் என்பாரும் உண்டு. இரண்டுமே வரலாறுதான்.

பாத்திரப்படைப்பு வினாவில் ‘நல்லவன்’, ‘கெட்டவன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எது மாறியது, எது நிலைத்தது, மாற்றியவர் யார் என மூன்றையும் எழுதுங்கள்.