ஏழு நாள் தலைவர்

நாட்டு நலப்பணித் திட்டம் என்று முழுப் பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் ஒரு கணம் யோசிப்போம். "என்.எஸ்.எஸ். கேம்ப்" என்று சொன்னால் போதும், எந்த ஆண்டு படித்தவராக இருந்தாலும் முகம் மலர்ந்துவிடும். மண்வெட்டி, பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை, அண்டாவில் கொதிக்கும் சாம்பார், ராத்திரி கலை நிகழ்ச்சி... எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அத்தனைக்கும் நடுவில் கையில் ஒரு நோட்டுடன் ஓடிக்கொண்டே இருந்த ஒருவரும் நினைவுக்கு வருவார். அவர்தான் மாணவத் தலைவர். அவருக்குச் சம்பளம் கிடையாது, யாரையும் தண்டிக்கிற அதிகாரமும் கிடையாது. இப்படி ஒரு விசித்திரப் பதவி எப்படி வந்தது? அதற்குப் பின்னால் இருபது ஆண்டு விவாதம் இருக்கிறது.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. மாணவர்கள் தாமாக முன்வந்து தேசப்பணி செய்ய வழி வேண்டும் என்றது அந்தக் குழு. 1959-இல் வேறொரு யோசனை எழுந்தது. சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளிப் படிப்பு முடித்துக் கல்லூரியில் சேர விரும்புகிற ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசப்பணி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நினைத்துப் பாருங்கள்! அது மட்டும் நடந்திருந்தால், நாம் ஒவ்வொருவரும் ஓராண்டு மண் சுமந்துவிட்டுத்தான் கல்லூரி வாசலை மிதித்திருப்போம். செலவும் நடைமுறைச் சிக்கலும் அந்த யோசனையைத் தடுத்துவிட்டன. அடுத்து, 1960-இல் பேராசிரியர் கே.ஜி. சையிதைன் பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, மாணவர் விருப்பத்தின் பேரிலேயே இது நடக்கட்டும் என்றார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, கல்வியின் எல்லா நிலையிலும் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்றது.

கடைசியில் 1969 செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அது காந்தியடிகளின் நூற்றாண்டு. தொடக்கத்தில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். கொனாரக் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம் சின்னமாயிற்று. அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்பார்கள். "நான் அல்ல, நீ" என்ற பொருள் தரும் வாசகம் குறிக்கோளாயிற்று.

கட்டாயமா, விருப்பமா என்ற கேள்விக்கு விருப்பம் என்று விடை கிடைத்ததால்தான் மாணவத் தலைவருக்கு வேலையே வந்தது. கட்டாயம் என்றிருந்தால் உத்தரவு போதும், தலைவர் தேவையில்லை. விருப்பம் என்றால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். திட்ட அலுவலர் ஒரு பேராசிரியர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தலைவரோ பக்கத்து பெஞ்சு. "நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. மண்வெட்டியைத் தானே முதலில் தூக்குவதுதான் பதில்.

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்பது வழக்கமான பணி. அதோடு ஒரு சிறப்பு முகாம். மூத்தவர்களுக்கு அது பத்து நாள். பின்னாளில் ஏழு நாளாயிற்று. 1973-இல் பஞ்சத்துக்கு எதிராக இளைஞர் என்பது நாடு முழுவதும் முகாம்களின் தலைப்பாக இருந்தது. பின்பு துப்புரவு, மரம் நடுதல், கிராமச் சீரமைப்பு என்று காலத்துக்குக் காலம் தலைப்பு மாறியது. தலைவரின் ஏழு நாள் மட்டும் பெரிதாக மாறவில்லை.

முதல் நாள் முழுக்க இடம், தண்ணீர், கழிப்பிடம் பார்ப்பதிலேயே போய்விடும். இரண்டாம் நாள் ஊரைச் சுற்றி வீடு வீடாகக் கணக்கெடுப்பு. அங்கேதான் முதல் பாடம். கோயில் குளத்தைத் தூர் வாரலாம் என்று நாம் முடிவு செய்து போயிருப்போம். திண்ணையில் இருக்கும் பாட்டி, "குளம் கெடக்கட்டும் தம்பி, ரேஷன் கார்டுல பேரு தப்பா இருக்கு, அதுக்கு மனு எழுதித் தாரியா?" என்பார். மூன்றாம் நாள் முதல் காலையில் சிரமதானம், பிற்பகலில் கண் மருத்துவ முகாமோ கால்நடை முகாமோ. டாக்டர் வருகிற நேரத்தை உறுதி செய்வது, மைக் செட் சொல்வது, மளிகைக் கடைப் பில்லை ஒட்டுவது, காய்ச்சலில் படுத்தவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் தலைவர் தலையில்தான். ஐந்தாம் நாள் எல்லோருக்கும் அலுப்பு தட்டும். பந்தியில் சின்னச் சண்டை வரும். எந்தத் தெருப் பையனும் எந்தத் தெருப் பையனும் ஒரே இலை வரிசையில் உட்காருகிறார்கள் என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த வரிசையைக் கலையாமல் காப்பதும் தலைவரின் வேலையே.

ஏழாம் நாள் நிறைவு விழா. மாலை, பேச்சு, குரூப் போட்டோ. எட்டாம் நாள்? அந்தக் கேள்வியில்தான் முகாமின் வெற்றி இருக்கிறது. போட்ட மண்சாலையை முதல் மழை கரைத்துவிடும். நட்ட கன்றை ஆடு மேய்ந்துவிடும். இது தெரிந்துதான், ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து ஆண்டு முழுக்கப் போய்வர வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. நல்ல தலைவர் ஏழாம் நாள் மேடையில் இருப்பதைவிட, எந்தக் கன்றுக்கு எந்த வீடு தண்ணீர் ஊற்றும் என்று நோட்டில் எழுதி, அந்த நோட்டை அடுத்த ஆண்டுத் தலைவரிடம் ஒப்படைப்பதிலேயே குறியாக இருப்பார்.

சின்ன வேலை என்ன பெரிதாகச் சாதிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. 1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் முதல் போலியோ சொட்டு மருந்து நாள் நடந்தது. பிறகு ஆண்டுதோறும் அந்த நாட்களில் பூத் போட்டு உட்கார்ந்தவர்களில், தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளை அழைத்து வந்தவர்களில், என்.எஸ்.எஸ். மாணவர்களும் இருந்தார்கள். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் காட்டுப் போலியோ வைரஸால் புதிதாக ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. ஒரு குழந்தைக்கு இரண்டு சொட்டு. அவ்வளவுதான் அந்தச் சின்ன வேலை!

இன்றைய மாணவச் செல்வங்களே! சான்றிதழுக்காகச் சேர்ந்தாலும் தவறில்லை. ஆனால் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். ஊரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். என்னோடு படித்த நண்பர்களே, நம்மில் மருத்துவர் உண்டு, கால்நடை மருத்துவர் உண்டு, வங்கி அதிகாரி உண்டு, வக்கீல் உண்டு. அடுத்த முகாமுக்கு நன்கொடை அனுப்புவது நல்லதுதான். ஆனால் ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள். நோட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையிடம், "தம்பி, நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.