வேப்பிலை கட்டிய வாசல்

பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்போடு எழுந்தார்கள். சிலருக்குக் கண்ணும் போயிற்று. 1980 மே மாதம் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்படும்வரை அதைக் குணப்படுத்தும் மருந்து இருந்ததில்லை. இப்படியொரு நோயோடு தமிழ்க் கிராமங்கள் நூற்றாண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பயத்துக்கு அவை செய்துகொண்ட ஏற்பாடுதான் மாரியம்மன்.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறும். தாளிப்பு நிற்கும். அரிப்பெடுத்தால் வேப்பங்கொழுந்தால் வருடிவிடுவார்கள். குடிக்க இளநீர், மோர், கூழ். முத்து இறங்கியதும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு விடுவார்கள். அதுவரை வெளியாள் உள்ளே வருவதில்லை. இதில் தொற்றுத் தடுப்பு அறிவியலைக் கண்டு புல்லரித்துப்போகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய காரியம் மனத்தளவில் நடந்தது. நோயாளியின் முகத்தையே பார்த்துக் கலங்கியிருக்க வேண்டிய வீட்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது. தலைக்குத் தண்ணீர் விடும் நாள் என்று ஒரு முடிவும் கண்ணுக்குத் தெரிந்தது. படுத்திருப்பவரும் ஒதுக்கப்பட்டவர் அல்ல. அம்மன் இறங்கிய உடம்பு அது.

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் இதற்கு ஒருபடி மேலே போனார்கள். மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும்தான். கோடை பிறக்கும் நேரத்தில் தாயே பத்தியம் இருக்கிறாள்!

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது பயத்தை ஆற்ற அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. அது எட்டிய புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். ஊர் கொதித்தது, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதே நோய் கோயம்புத்தூரை உலுக்கியபோது, முன்பின் அறியாத அதற்கும் மக்கள் தெரிந்த முகத்தையே கொடுத்தார்கள். பிளேக் மாரியம்மன் கோயில்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஆங்கிலப் பெயருக்கும் மஞ்சள் சேலை கட்டிவிடுவது கொங்கு நாட்டுக்குப் பெரிய விஷயமில்லை.

ஆறுதல் வேறு, குணம் வேறு. 1802இல் இந்தியாவுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி வந்தபிறகும், குத்திக்கொண்டால் அம்மன் கோபிப்பாள் என்று ஒளிந்தவர்கள் ஏராளம். அந்தப் பயத்தை அதட்டிப் போக்க முடியாது என்பது சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸுக்குப் புரிந்திருக்கிறது. திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்தான். தடுப்பூசிக்கு மூலமான பசுவின் அம்மையை அம்மன் தந்த கொடையாகச் சொல்லும் புராணக் கதையொன்றை அவரே புனைந்தார். அரசாங்கம் கதை கட்டலாமா என்று இன்று கேட்கலாம். ஆனால் சிப்பாயை அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், கோவை இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கருங்கல்லில் கொரோனா தேவி எழுந்தருளினாள். 48 நாள் யாகமும் நடந்தது. ஊரடங்கு என்பதால் தரிசனத்துக்குப் பொதுமக்களை விடவில்லை.