நிழலைச் சிறைப்பிடித்த கலை

குர்பானிக்கு ஆடு தேடித் திண்டுக்கல் வட்டார முஸ்லிம்கள் அய்யலூர் வியாழச் சந்தைக்குச் செல்வது வழக்கம். நாமும் அவ்வாறு சென்றிருந்தபோது, முன்பு நம்மிடம் ஓதிய ஒருவர் தம் மகனை அழைத்து வந்தார். சிறுவன் கையில் கறுப்புத்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஊசித்துளை, மறுபக்கத்தில் எண்ணெய்த்தாள். ‘ஒளியும் நிழலும்’ என்னும் பொருளில் படமெடுத்து வருமாறு பள்ளிக்கூடத்தில் பணித்திருந்தனராம்.

“ஹஜ்ரத், படம் பிடிப்பது கூடாதென்று பயானில் கேட்டிருக்கிறேன். பிள்ளையை இதில் விடலாமா?” என்று தந்தையார் கவலையோடு வினவினார். நாம் உடனே விடை பகரவில்லை. முதலில் அந்தப் பெட்டியின் வரலாற்றைக் கூறினோம்.

ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஐ ஒட்டி மறைந்தவர் இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்பது யூக்ளிட், தாலமி முதலிய கிரேக்க அறிஞர்தம் கொள்கை. இவரோ, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாகங்கள் கொண்ட அவரது பெருநூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது.

அவர் வெறும் வாதத்தோடு நின்றாரல்லர். இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதும், பல ஒளிகள் ஒரே துளையில் புகுந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் இவ்வாறு விளங்கின. நிழல்களின் தன்மை குறித்தும், கிரகணத்தின்போது துளைவழி விழும் உருவம் குறித்தும் தனித்தனி நூல்கள் எழுதினார். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் வட்டாரத்தில் வளைய சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, இலை இடுக்குகளின் வழியே தரையில் விழுந்த ஒளிப்பொட்டுகள் வளையங்களாயின. அதன் காரணத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆய்ந்தவர் அவர்!

துளைவழி வந்த உருவைத் தகட்டில் நிலைநிறுத்தும் முறையை 1839இல் பிரான்சின் டாகெர் வெளியிட்டார். விரைவில் அக்கலை தமிழகம் வந்தது. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு உதவியாக இருந்தவர், அப்பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்னும் தமிழர். ஆகவே, மாணவர் படமெடுப்பது இம்மண்ணில் புதுமையன்று.

இனி, தந்தையாரின் ஐயம். 1914இல் எகிப்தின் முஃப்தியான ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் புதிதாக உருவம் படைப்பதன்று, ‘ஹப்ஸுல் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்பிடிப்பதே என்று விளக்கி அதனை அனுமதித்தார். இந்திய உலமாக்கள் உட்படப் பலர் இதனை ஏற்கவில்லை. அவ்விரு சாராருக்கும் இடையே தீர்ப்புரைக்க நாம் முற்படவில்லை. ஆயினும், அரபு அறிஞர் கூறிய அதே பொருளில் தமிழரும் அதற்கு ‘நிழற்படம்’ என்று பெயரிட்டிருப்பது வியப்பன்றோ! அன்றியும், உயிரினத்தின் உருவம் இல்லாத படத்தில் அக்கருத்து வேற்றுமைக்கு இடமேயில்லை.

ஆகையால் சிறுவனிடம், “தம்பி, ஒரு கோலை நட்டு அதன் நிழலைப் படமெடு” என்றோம். அய்யலூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பத்தரைப் பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவேளையில் அங்கே நட்ட கோலுக்கு நிழல் விழாது. இடைப்பட்ட நாட்களில் உச்சிநிழல் தெற்கே சாயும். ஏனைய நாட்களில் வடக்கே சாயும். அந்த உச்சிநிழலைக் கழித்து, நிழல் கோலின் அளவை எட்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி இருமடங்காக வேண்டும். கடிகாரம் வருமுன் நம் முன்னோர் கோலின் நிழலைக் கொண்டே தொழுகை நேரம் கணித்தனர்.

தந்தையார் முகம் மலர்ந்தது. “கோலை நான் நட்டுத் தருகிறேன்” என்று மகனின் தோளைத் தொட்டார்.

‘கூடாது’ என்னும் ஒரு சொல்லோடு அச்சிறுவனை அனுப்பியிருந்தால், படம் மட்டுமா தவறியிருக்கும்? தன் கையிலிருந்த பெட்டியின் பின்னே தன் முன்னோரின் அறிவு இருப்பதையும் அவன் அறியாமலே போயிருப்பான். பிள்ளைகள் ஐயத்தோடு வரும்போது வாயிலை அடைக்காமல், வரலாற்றைத் திறந்து காட்டுவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகும். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.